காலியாகப் போகும் இடங்கள்

சுகுணா வேலை கேட்டுப் போன பள்ளிக்கூடத்தில், அந்த வேலையை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அம்மாளின் படத்தை அலுவலக அறை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

"எப்பங்க?" என்று பியூனிடம் கேட்டாள்.

"போன வாரமுங்க. ரத்தத்துல ஏதோ கோளாறாம். நல்லாத்தான் இருந்தாங்க. திடீர்னு ஆஸ்பத்திரின்னாங்க, அப்பறம் ஆளே இல்லைன்னுட்டாங்க." அவர் தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் தட்டினார். "நீங்க உக்காருங்க. கூப்புடுவாங்க."

சுகுணாவால் உட்கார முடியவில்லை. இந்தக் கணக்கர் வேலை காலியாகப் போகிறது என்று அவளுக்குச் செய்தி வந்தது சித்திரை மாதத்தில். இப்போது ஆடி நடக்கிறது. அந்த அம்மாள் நல்லாத்தான் இருந்த காலத்திலேயே அவருடைய நாற்காலிக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள். சுகுணாவும் விண்ணப்பித்திருக்கிறாள். சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் தெருவுக்கு வந்துவிட்டாள்.

செய்தி அனுப்பியது 'நாளைவேலை' என்கிற செயலி. பழைய செயலிகள் காலியான இடங்களைக் காட்டும். நாம் விண்ணப்பிப்பதற்குள் முதலாளியின் மச்சினன் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். நாளைவேலை இனிமேல் காலியாகப் போகும் இடங்களைக் காட்டியது. யார் எந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள், எந்த மருந்துக்கடையில் நிற்கிறார்கள், கைபேசியில் எதைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்க மோப்பம் பிடித்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டது. வட்டத்துக்குள் சிவப்பு ஏற ஏற, இடம் காலியாகும் நாள் நெருங்குகிறது என்று பொருள். ஏன் காலியாகிறது என்பதை மட்டும் சொல்லாது. காரணம் என்ற இடத்தில் எப்போது பார்த்தாலும் 'தனிப்பட்டது' என்றிருக்கும். ஓய்வு பெற்றாலும் தனிப்பட்டது, செத்துப்போனாலும் தனிப்பட்டது.

தேடுவது என்னவோ சுலபம்தான். ஊரையும் படிப்பையும் கொடுத்து, வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், பொருத்தமான இடம் வரும்போது அதுவே மணியடித்துக் கூப்பிடும். சுகுணா எம்.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தணிக்கையாளரிடம் வேலை பார்த்தாள். மகள் இனியா கல்லூரி விடுதிக்குப் போனபிறகு கோயமுத்தூர் கணபதியில் அந்த மாடி வீடு பகலெல்லாம் வெறிச்சென்று கிடக்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் செயலியில் சேர்ந்தாள்.

சேர்ந்தது கணவன் தண்டபாணியின் கைபேசி எண்ணில். வேறு எண் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேஸ், ரேஷன், வங்கி, மகளின் கல்லூரி, பால்காரர் எல்லாவற்றுக்கும் அவன் எண்தான். அவளிடம் தனியாக ஒரு கைபேசி இருந்தாலும், எங்கே எண் கேட்டாலும் அவள் கை தானாக அவன் எண்ணைத்தான் எழுதும். உள்ளே நுழைய ஓடிபி கேட்கும்போதெல்லாம் அவனைக் கூப்பிடுவாள்.

"ஏங்க, என்ன நம்பர் வந்திருக்கு?"

பம்ப் மோட்டார் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில், மோட்டார்கள் இரைகிற இரைச்சலுக்கு நடுவே நின்று தண்டபாணி எண்ணைக் கத்திச் சொல்வான். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அப்படி ஒரு மனுசன். சமையலில் உப்புப் போட மறந்தாலும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொல்வான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த பிறகு சில நாள் அவள் செயலியைத் தொடவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அதுவே மணியடித்தது.

'பம்ப் மோட்டார் பரிசோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். உங்கள் வீட்டுக்கு அருகில். நீண்ட அனுபவம் தேவை. ஒடியா பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.'

கம்பெனியின் பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த பையன்களோடு பேசிப் பேசி அந்த மொழியைக் கற்றுக்கொண்ட மேற்பார்வையாளர் கோயமுத்தூரிலேயே ஒருத்தன்தான் இருப்பான். அவன் அன்று காலையில்தான் அவள் கட்டிக்கொடுத்த தக்காளிச் சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். வட்டத்தின் அடியில் கொஞ்சமாய்ச் சிவப்பு தெரிந்தது.

காரணம்: தனிப்பட்டது.

மாலை போட்ட அந்தப் படம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. படத்துக்குள் அந்த அம்மாளின் முகம் இல்லை.

அன்று சாயங்காலம் தண்டபாணி வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மிணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. உங்களுக்கு நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?"

"கிஞ்செல்லாம் வலிக்கலை. பசிக்குது."

அவனிடம் சொல்லலாமா என்று பலதடவை வாயெடுத்தாள். நீ சாகப் போகிறாய் என்று எந்த மனைவியால் சொல்ல முடியும்? அதைவிட, சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. வாயைக் கட்டிக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் நின்றது. லீவு போடவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய் உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்தாள். குதிரைபோல இருக்கிறார் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செயலியைத் திறந்தாள். சிவப்பு பாதி வட்டத்துக்கு ஏறியிருந்தது.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் விபத்துதான் என்று முடிவு செய்தாள். அழுது அடம்பிடித்து பைக் சாவியைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்தாள். தண்டபாணி புது வழியில் பஸ் ஏறிப் போனான். இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்; ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சிவப்பு இன்னும் ஏறியிருந்தது.

அப்புறம் அவளுக்கு வேறு வேலையே ஓடவில்லை. குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் பார்த்தாள். துணி காயப்போடப் போகும்போது பார்த்தாள். வேறு கம்பெனிகளில் இதே வேலை காலியாகிறதா, அங்கே வட்டம் எப்படி இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தாள். தேடும்போதெல்லாம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், தேடாமல் இருந்தால் அதைவிட மோசமாக அடித்துக்கொள்ளும். நடுவில் அவ்வப்போது உள்ளே நுழைய ஓடிபி கேட்கும், கணவனைக் கூப்பிடுவாள், அவன் இரைச்சலுக்கு நடுவே கத்துவான். அந்தக் குரலைக் கேட்கிறவரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு நிம்மதி.

வட்டத்தில் ஒரு கீற்று மட்டும் வெள்ளையாக மிச்சமிருந்த காலையில் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணில் பட்டால்தானே இந்தப் பாடு என்று கணக்கையே அழித்துவிட்டாள். 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு, கூடப் படித்த பிலோமினாவைப் பார்க்கச் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினாள். பிலோமினா நாளைவேலையின் அலுவலகத்தில்தான் இருந்தாள். வாடிக்கையாளர்கள் திட்டினால் வாங்கிக்கொள்வது அவள் உத்தியோகம்.

அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தார்கள். டீயும் தேங்காய் பன்னும் வந்தன.

"பிலோ, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. வட்டம் நெறஞ்சா ஆளு செத்துப் போயிருவாங்களா?"

பிலோமினா சிரித்துவிட்டாள். "அடிப்பாவி, நாங்க என்ன எமனுக்கா வேலை பாக்கறோம்? எப்பவாச்சும் ஒருத்தர் ரெண்டு பேர் அப்புடிப் போறதுண்டு. மத்தவங்கெல்லாம் வேற கம்பெனிக்குத் தாவறவங்கதான். அதைக் கண்டுபிடிக்கறதுதான் இருக்கறதுலயே ஈஸி."

"எப்புடிக் கண்டுபிடிப்பீங்க?"

"வேலையில இருக்கறவன் வேலை தேடுனா என்ன அர்த்தம்? கெளம்பப் போறான்னு அர்த்தம். அவன் நம்பர் எங்க செயலிக்குள்ள வந்து தொடர்ந்து தேடுச்சுன்னா, இப்ப அவன் உக்காந்திருக்கற சீட்டைத் தூக்கிக் காலியாகப் போற இடத்துல போட்டுருவோம். அவன் தேடத் தேட வட்டம் ஏறும். நடுவுல லீவு போட்டான், ஆஸ்பத்திரிப் பக்கம் போனான், புது ரூட்டுல பஸ் ஏறுனான்னா இன்னும் கொஞ்சம் ஏறும். இன்டர்வியூவுக்கு அலையறவன் அதையெல்லாந்தானே செய்வான்?"

சுகுணா டீயைக் கீழே வைத்தாள்.

"பேரு பாக்க மாட்டீங்களா, பிலோ? தேடறது ஆம்பளையா பொம்பளையான்னு?"

"பேரு யாருக்கு வேணும்? ஊருக்குள்ள ஒரே பேருல ஆயிரம் பேர் இருப்பாங்க. நம்பர் ஒண்ணுதானே?" சொல்லிக்கொண்டே வந்தவள் சுகுணாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏ, நீ யாரு நம்பர்ல சேர்ந்த?"

"அவரு நம்பர்ல," என்றாள் சுகுணா. பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, பதறாத. இனிமே தேடாத, அப்புடியே போட்டு வை. தொடாம விட்டா சிவப்பு தானா எறங்கீரும்."

"காலைலயே கணக்கை அழிச்சிட்டேன்."

பிலோமினா கடித்த பன்னை மெல்லாமல் அவளைப் பார்த்தாள்.

"எதுக்குடி அழிச்ச?"

"பயமா இருந்துது."

"வேலை தேடற செயலியை யாரு அழிப்பாங்க, சுகுணா? வேலை கெடச்சவங்கதான் அழிப்பாங்க. கணக்கு அழிஞ்ச அந்த நிமிசமே வட்டம் முழுசா நெறஞ்சிரும். கம்பெனிக்குத் தகவல் போயிரும்."

"கம்பெனிக்கு எதுக்கு?"

"பின்ன எங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கறாங்க? நீயா குடுக்கற? போறவன் கூட நாலு ஆளையும் கம்பெனி ரகசியத்தையும் கூட்டிக்கிட்டுப் போயிருவான்னு அவங்களுக்குப் பயம். அவன் சொல்றதுக்கு முந்தி இவங்க அனுப்பிருவாங்க."

சுகுணா அங்கேயே கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். இத்தனை வருசத்தில் அவன் எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தபோது தண்டபாணி செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். அந்தச் சந்தோசம் அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூட நிலைக்கவில்லை.

"என்ற நம்பரைக் காட்டறாங்க, சுகுணா," என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "நான் தேடவே இல்லைங்கன்னு சொல்றேன். போறவங்க எல்லாரும் இப்புடித்தான் சொல்லுவாங்கன்னு சிரிக்கறாங்க. டேபிள் சாவியை வாங்கிட்டாங்க. கனகராஜை என்ற சீட்டுல உக்கார வெச்சிட்டாங்க. நான் வேலை கத்துக்குடுத்த பையன். அவன் என்ற மொகத்தைப் பாக்க முடியாமக் குனிஞ்சிட்டு நிக்கறான்."

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாலை போட்ட படம், வட்டம், தேடியது, அழித்தது. சொல்லி முடித்துவிட்டு அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, தேடியது என் வீட்டுக்காரி என்று சொன்னான். வீட்டில் தேடுகிறார்கள் என்றால் நீங்கள் கிளம்பத் தயாராகிவிட்டீர்கள் என்றுதானே அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்கள். போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கினான். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லோரும் அவன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, நிலைக்காத ஆள் என்று அனுப்பிவிட்டார்கள். வாங்காத கடனுக்கு வட்டி கட்டுகிறவன்போல முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பரிசோதனைப் பிரிவைத் தவிர வேறெங்கும் தனக்கு இடமில்லை என்று அவனுக்கே தெரிந்துபோயிற்று.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரசம் ஊற்று என்று சொல்கிற அதே குரலில் கேட்டான்.

"கனகராஜ் நம்பர்ல யாராச்சும் வேலை தேடுனா என்னாகும்?"

சுகுணா கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க கேக்கறீங்க?"

"சும்மா கேட்டேன். இப்பதானே உக்காந்தான், அதுக்குள்ள தேடறான்னா வெளிய போன்னுருவாங்க. அந்தச் சீட்டுக்கு ஒடியா தெரிஞ்ச ஆள் வேணும். வேற யாரு இருக்கறா? என்னையத்தான் கூப்புடணும்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். அன்றைக்குத்தான் சுகுணாவுக்கு அவனைப் பார்த்துப் பயமாக இருந்தது. இத்தனை நாள் இவனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தவள், இவன் என்ன செய்வானோ என்று பயந்தாள். உப்பில்லாவிட்டாலும் கை கழுவிய பிறகு சொல்கிற மனுசனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தான்தான் என்று நினைத்தபோது அழுகையாக வந்தது.

அந்த வாரமே கனகராஜ் வந்தான். நோயாளியைப் பார்க்க வருகிறவன்போல ஒரு பை ஆரஞ்சுப் பழம் கையில் இருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் கேட்டு வாங்கலைங்ணா. உக்காருன்னாங்க. மாட்டேன்னா என்னையும் அனுப்பீருவாங்க. பாப்பாவை இப்பத்தான் ஸ்கூல்ல சேத்தேன்."

"உன்னை நான் ஒண்ணும் சொல்லலையே கண்ணு," என்றான் தண்டபாணி. அன்பாகத்தான் சொன்னான். "போன்ல சார்ஜ் இருக்குதா? குடு, போட்டு வெக்கறேன்."

சார்ஜர் ஹாலில் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. கணவன் அந்தப் போனை வாங்கிச் செருகுகிற கவனத்தைப் பார்த்ததும், சாப்பிடும்போது அவன் கேட்டது சுகுணாவுக்கு ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்; வாசலை மறித்து யாரோ வண்டியை நிறுத்தியிருக்கிறார்களாம். "என்ற வண்டிதானுங்க," என்று கனகராஜ் படியிறங்கி ஓடினான். தண்டபாணி எழுந்து படுக்கையறைக்குள் போனான். கதவு முக்கால்வாசி சாத்திக்கொண்டது.

சுகுணா ஹாலில் தனியாக நின்றாள். கனகராஜின் போன் ஒருதடவை துள்ளியது. திரையில் நாளைவேலையின் பெயரும், கீழே ஓர் எண்ணும் தெரிந்தன.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுகுணா, என்ன நம்பர் வந்திருக்கு?"

அவள் அவனிடம் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. அவன் எதற்கு என்று கேட்காமல் பதில் சொன்ன கேள்வி. பழக்கத்தில் அவள் வாய் முதல் எண்ணைச் சொல்லத் திறந்துவிட்டது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனை சார்ஜரிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

கனகராஜ் வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தா. இதை வாங்கிக்க. இப்புடியே கெளம்பீரு. இந்தப் போனை யாரு கேட்டாலும்…" மூச்சு வாங்கியது.

அவன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இப்புடி ஓடியாந்தீங்க? இது என்ற வீட்டுக்காரிக்கு வந்ததுங்க்கா. பாப்பா ஸ்கூலுக்குப் போனதுல இருந்து அவளுக்கு வீட்ல பொழுது போகறதில்லைங்க. வேலை தேடிட்டு இருக்கறா. எங்க வீட்ல எல்லாத்துக்கும் என்ற நம்பர்தானுங்களே. பொழுதன்னைக்கும் கூப்புட்டு என்ன நம்பர் என்ன நம்பர்னு ஒரே ரோதனை. மோட்டார் சத்தத்துல நின்னு கத்தணும்."

சுகுணாவுக்குக் காலுக்கடியில் தரை சுட்டது.

"எப்ப இருந்து தேடறா?"

"இந்த மாசந்தானுங்க்கா ஆரம்பிச்சா. ஏனுங்க்கா?"

சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். தேடச் சொல்லாதே, தொடாமல் விட்டால் சிவப்பு இறங்கிவிடும். அது நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு, அக்கா என்ன சொல்லப் போகிறாள் என்று வெள்ளந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் தொட்டியில் பாப்பா ஒட்டிய பூனைப் படம் ஒன்று பாதி கிழிந்து கிடந்தது. சுகுணா நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் தண்டபாணி நின்றுகொண்டிருந்தான். சவரம் செய்யாத முகம்.

"நல்லதுதான் தம்பி," என்றாள். "தேடச் சொல்லு. நடுவுல விட்டுராம தேடச் சொல்லு."

"சொல்றனுங்க்கா," என்று கனகராஜ் வண்டியைக் கிளப்பினான். தெருமுனை திரும்பும்போது கையசைத்தான்.

அவள் படியேறினாள். படுக்கையறை வாசலில் தண்டபாணி கைபேசியோடு நின்றான். கண்கள் சிவந்திருந்தன. செய்ய வந்த காரியத்துக்காக வெட்கப்படுகிறவன் முகம் அது. இன்னும் அவன் அந்த மனுசன்தான்.

"நம்பரைப் பாத்தியா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

சுகுணா அவன் கையிலிருந்த கைபேசியை மெல்ல வாங்கி அணைத்து அலமாரியில் வைத்தாள்.

"உங்களுக்கு அந்தப் பாவம் வேண்டாங்க," என்றாள். "அது தானாவே காலியாகும்."